மார்கஸ் அவுரேலியஸ்: தத்துவம் படித்தவர் பேரரசை எப்படி ஆண்டார்?

ரோமப் பேரரசர் மார்கஸ் அவுரேலியஸ் தாம் எழுதிவைத்த ஸ்டோயிக் தத்துவத்தின்படி உண்மையிலேயே வாழ்ந்தாரா, அல்லது அது அரண்மனைவாசி ஒருவரின் ஓய்வுநேர எழுத்துதானா என்பது கேள்வி. அவ்வளவு விவேகமுள்ளவர் தம் ஆட்சிக் காலத்தின் பெரும்பகுதியை ஏன் போரில் கழித்தார், கொம்மோடஸைப் போன்ற மகனிடம் ஆட்சியை ஏன் விட்டுச் சென்றார் என்பவை அதன் துணைக் கேள்விகள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கற்ற தத்துவம் அவர் என்னென்ன செய்தார் என்பதை அதிகம் மாற்றவில்லை. செய்ததை எப்படிச் செய்தார் என்பதை ஏறக்குறைய முழுமையாக மாற்றியது. ஒரு ரோமப் பேரரசரிடம் அன்றைய உலகம் எதிர்பார்த்த வேலைகளையே அவரும் செய்தார்: எல்லை காத்தார், வழக்குத் தீர்த்தார், எதிரிகளை அடக்கினார், மகனுக்குப் பட்டம் கட்டினார். ஆனால் அந்த வேலைகளை அவர் செய்த விதத்தில், அவருக்கு முன்னும் பின்னும் அரியணையில் இருந்த பலரிடம் காணமுடியாத ஒரு நிதானம் இருந்தது.

கி.பி. 121 ஏப்ரல் 26 அன்று ரோம் நகரின் கேலியன் குன்றில் அவர் பிறந்தார். தந்தைவழி முன்னோர் தெற்கு ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். பாட்டனார் ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவியை மும்முறை வகித்தவர். தந்தை மகனின் சிறுவயதிலேயே இறந்துவிட்டதால், பாட்டனாரும் தாய் டொமிட்டியா லூசில்லாவும் அவரை வளர்த்தார்கள். லூசில்லாவுக்குப் பரம்பரைச் சொத்தாக ரோமுக்கு அருகே பெரிய செங்கல் சூளைகள் இருந்தன. அவருடைய பெயர் முத்திரையிட்ட செங்கற்கள் ரோமின் பழைய கட்டடங்களில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. எளிமையைப் பற்றி அவ்வளவு எழுதியவர் பெரும் செல்வக் குடும்பத்துப் பிள்ளை என்பதை மறந்துவிட்டு அவரைப் படிக்கக் கூடாது. பன்னிரண்டாம் வயதில் தத்துவவாதிகள் உடுத்தும் முரட்டு மேலாடையைப் போர்த்திக்கொண்டு வெறுந்தரையில் படுக்கத் தொடங்கினார் என்றும், தாய் வற்புறுத்திய பிறகே தோல் விரித்த கட்டிலில் படுக்கச் சம்மதித்தார் என்றும் அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. வசதியான வீட்டுப் பையனின் விளையாட்டு வைராக்கியம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் விளையாட்டாக இருந்திருந்தால் இரண்டொரு ஆண்டில் அலுத்திருக்கும். இவருக்கு அது கடைசிவரை அலுக்கவில்லை.

பேரரசர் ஹாட்ரியனுக்கு இந்தச் சிறுவன்மேல் பிரியம் உண்டு. குடும்பப் பெயரான 'வேருஸ்' என்பதற்கு 'உண்மையான' என்ற பொருளும் இருந்ததால், 'மிக உண்மையானவன்' என்ற பொருளில் 'வெரிசிமுஸ்' என்று அவனைச் செல்லமாக அழைப்பார். பிள்ளையில்லாத ஹாட்ரியன் தம் கடைசிக் காலத்தில், 138 பிப்ரவரியில், அந்தோனினஸ் என்ற ஐம்பது கடந்த செனட்டரைத் தத்தெடுத்தார். அவர் மார்கஸையும் லூசியஸ் என்ற இன்னொரு சிறுவனையும் தத்தெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்படித்தான் பதினாறு வயதில் பேரரசு மார்கஸின் தலையில் வந்து இறங்கியது. தாயின் வீட்டை விட்டு ஹாட்ரியனின் மாளிகைக்குக் குடிபெயர்ந்தபோது அவர் மகிழவில்லை, தயங்கித்தான் போனார் என்று எழுதியிருக்கிறார்கள்.

தத்துவத்தில் அவருக்குப் பல ஆசிரியர்கள் இருந்தாலும் முக்கியமானவர் ஜூனியஸ் ருஸ்டிகஸ். எபிக்டெட்டஸ் என்ற தத்துவ ஆசிரியரின் உரைகளைத் தம் சொந்தப் பிரதியிலிருந்து மார்கஸுக்குக் கொடுத்தவர் அவர்தான். எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். உடம்பும் உடைமையும் புகழும் நம் கையில் இல்லை, நம் தீர்ப்பும் நம் சம்மதமும் மட்டுமே நம் கையில் இருக்கின்றன என்று கற்பித்தவர். எதுவுமே தனக்குச் சொந்தமாக இல்லாத ஒருவர் கண்டடைந்த அந்தப் பாடம், எல்லாமே தனக்குச் சொந்தமாக இருந்த ஒருவரைப் போய்ப் பற்றிக்கொண்டது. இதில் வருத்தப்பட்டவர் இலத்தீன் சொல்லாட்சி ஆசிரியரான ஃபுரோண்டோ. தம் அருமை மாணவன் பேச்சுக் கலையை விட்டுவிட்டுத் தத்துவத்தின் பக்கம் சாய்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள், வேறு நூல் எழுதுவதற்காகச் சுரண்டப்பட்ட தோல் ஏடுகளின் அடியில் மறைந்து கிடந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டன. மூட்டு வலி, தொண்டைக் கட்டு, குழந்தைகளின் காய்ச்சல், திராட்சை அறுவடை என்று வீட்டு விசேஷங்கள் நிறைந்த கடிதங்கள் அவை. பின்னாளில் கல்போல் இறுகிய முகத்தோடு சிலையாக நிற்பவர், இளமையில் ஆசிரியரிடம் எவ்வளவு உருகிப் பேசியிருக்கிறார் என்பதைப் பார்க்க அந்தக் கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் தத்துவத்தைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டியிருக்கிறது. கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் சைப்ரஸிலிருந்து வந்த சீனோ என்பவர் ஏதென்ஸில் ஓவியம் தீட்டிய ஒரு மண்டபத்தில் பாடம் நடத்தினார். மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் 'ஸ்டோவா' என்று பெயர் என்பதால் அவருடைய மாணவர்கள் ஸ்டோயிக்குகள் ஆனார்கள். அறம் ஒன்றே நன்மை, அறமின்மை ஒன்றே தீமை. உடல்நலம், செல்வம், சாவு, அவமானம் ஆகியவை எல்லாம் இரண்டிலும் சேராதவை என்பது அவர்கள் கொள்கை. உலகம் முழுவதையும் ஒரே அறிவு ஊடுருவி நடத்துகிறது, மனிதர்கள் அந்த அறிவில் பங்குடையவர்கள், ஆகவே ஒருவருக்கொருவர் உறவினர்கள் என்பதும் அதன் தொடர்ச்சி. இதைக் கேட்டால் உலகைத் துறந்து ஒதுங்கச் சொல்வதுபோல் தோன்றும். நடைமுறையில் அது எதிர்த்திசையில்தான் வேலை செய்தது. இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு, அந்த இடத்துக்கு உரிய கடமையைச் செய் என்றுதான் ரோமர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். அரியணையில் வைக்கப்பட்டவனுக்கு அரசாள்வதே கடமை. அரியணை என்ற ஒன்று இருக்கலாமா, அடிமை முறை இருக்கலாமா, பேரரசின் வடக்கு எல்லையான டான்யூப் நதிக்கு அப்பால் படை போகலாமா என்ற கேள்விகளை அந்தத் தத்துவம் கேட்கத் தூண்டவில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு அடிப்படை இதுதான்.

உண்மையில் அவரை ஆட்சிக்குத் தயார் செய்தது நூல்களைவிட வளர்ப்புத் தந்தை அந்தோனினஸ் பயஸ்தான் என்று நான் நினைக்கிறேன். 138 முதல் 161 வரை 23 ஆண்டுகள் அவர் பக்கத்திலேயே இருந்து மார்கஸ் வேலை கற்றார். அவ்வளவு காலத்தில் இரண்டே இரவுகள்தான் அவரைப் பிரிந்திருந்தார் என்று பழைய வரலாறு கூறுகிறது. பின்னாளில் தம் குறிப்பேட்டின் முதற்பகுதியில், தாம் யார் யாரிடம் எதைக் கற்றோம் என்று நன்றியோடு வரிசைப்படுத்தும்போது, எந்தத் தத்துவ ஆசிரியரையும்விட அந்தோனினஸைப் பற்றித்தான் அவர் நீளமாக எழுதுகிறார். கடுமையான தலைவலி வந்து போனதும் புத்துணர்ச்சியோடு உடனே வேலைக்குத் திரும்புவார், பொதுப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவார், அதற்காகக் கேலி பேசுகிறவர்களையும் பொறுத்துக்கொள்வார், தம்மைவிடத் தெரிந்தவருக்குப் பொறாமையின்றி வழிவிடுவார் என்று சின்னச் சின்ன வழக்கங்களாக அந்தப் பட்டியல் போகிறது.

161 மார்ச் 7 அன்று அந்தோனினஸ் இறந்தார். செனட் ஆட்சியை மார்கஸ் ஒருவரிடமே கொடுக்க முன்வந்தபோது, உடன் தத்தெடுக்கப்பட்ட லூசியஸ் வேருஸுக்கும் சம பட்டம் தந்தால்தான் ஏற்பேன் என்று அவர் நின்றார். ரோமில் இரண்டு பேரரசர்கள் சேர்ந்து ஆண்டது அதுவே முதல் முறை. லூசியஸ் விருந்தும் வேட்டையும் குதிரைப் பந்தயமும் விரும்பியவர். இருந்தும் எட்டு ஆண்டுகள் இருவருக்கும் இடையே பகிரங்கமான பூசல் எதுவும் வரவில்லை. அரியணை ஏறியதும் வந்து இறங்கியது எல்லாம் துன்பம்தான். டைபர் நதி பெருகி நகருக்குள் புகுந்தது, பஞ்சம் வந்தது, கிழக்கே பார்த்தியர்கள் ஆர்மேனியாவுக்குள் நுழைந்தார்கள். லூசியஸின் பெயரில் தளபதிகள் நடத்திய அந்தப் போர் 166-இல் வெற்றியாக முடிந்தது. ஆனால் திரும்பிய படைகளோடு ஒரு கொள்ளைநோயும் வந்து சேர்ந்தது. மருத்துவர் காலென் எழுதிவைத்த குறிகளை, உடம்பு முழுதும் கிளம்பிய கரிய கொப்புளங்களை, வைத்துப் பார்க்கும் அறிஞர்கள் பலர் அது பெரியம்மையாக இருக்கலாம் என்கிறார்கள். ரோமில் பிணங்களை வண்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். ஏழைகளின் ஈமச் செலவை அரசே ஏற்றது.

நோயால் படைபலம் குறைந்திருந்த நேரத்தில்தான் டான்யூப் எல்லை உடைந்தது. மார்கோமன்னி, குவாடி என்ற ஜெர்மானிய இனக்குழுக்கள் இத்தாலிக்குள்ளேயே புகுந்து அக்விலேயா நகரை முற்றுகையிட்டார்கள். 169-இன் தொடக்கத்தில் லூசியஸ் வழியில் இறந்துவிட, அதுவரை போர்க்களம் கண்டிராத, மார்புச் சளியும் வயிற்றுக் கோளாறும் உள்ள, 47 வயது மனிதர் தனியாளாகப் படையை நடத்த வேண்டியதாயிற்று. கருவூலம் காலி. மாகாணங்கள்மேல் புதுவரி போடுவதற்குப் பதிலாக, அரண்மனைப் பொருள்களை ரோமில் டிராஜன் மன்றம் என்ற பொதுச் சதுக்கத்தில் ஏலத்துக்கு விட்டார். பொற்கலங்கள், பளிங்குக் கிண்ணங்கள், அரசியின் பட்டும் பொன்னும் இழைத்த ஆடைகள், ஹாட்ரியன் சேர்த்துவைத்த நவமணிகள் எல்லாம் இரண்டு மாதம் விற்பனையாயின. போர் முடிந்ததும், வாங்கியவர்கள் விரும்பினால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார். கொடுக்க விரும்பாதவரை வற்புறுத்தவும் இல்லை. அவருடைய தத்துவம் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய செயலாக மாறிய இடம் எது என்று கேட்டால், நான் இந்த ஏலத்தைத்தான் காட்டுவேன்.

அவருடைய புகழ்பெற்ற குறிப்பேடு இந்தப் போர்முகாம்களில் பிறந்தது. 'குவாடிகளின் நாட்டில், கிரானுவா ஆற்றங்கரையில்' என்று ஒரு பகுதியிலும், 'கர்னுண்டத்தில்' என்று அடுத்ததிலும் இடக்குறிப்பு இருக்கிறது. முன்னது இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஓடும் ஹ்ரோன் ஆறு. பின்னது வியன்னாவுக்குக் கிழக்கே இருந்த படைத்தளம். தாய்மொழி இலத்தீனாக இருந்தும், தத்துவத்தின் மொழியான கிரேக்கத்தில்தான் எழுதினார். வெளியிடுவதற்காக எழுதியது அல்ல; தலைப்புக்கூட அவர் வைத்ததல்ல, 'தனக்குத்தானே' என்று பிறர் இட்டது. 1559-இல் சூரிச்சில் முதன்முதலாக அச்சேறிய அந்நூலைத் தமிழில் 'ஆத்ம சிந்தனை' என்ற பெயரில் ராஜாஜி தந்திருக்கிறார்.

அதைப் படிக்கிறவர்கள் பலர், ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதே என்று குறைப்படுவார்கள். சங்கீதம் கற்பவர் சரளி வரிசையைத் தினமும் பாடுவதைக் கேட்டு, இதைத்தானே நேற்றும் பாடினீர்கள் என்று கேட்பதுபோல்தான் அது. எழுதுவதே அவருக்குச் சாதகம். காலையில் எழுந்ததும், இன்று தலையிடுபவனையும் நன்றியற்றவனையும் அகந்தைக்காரனையும் வஞ்சகனையும் சந்திப்பேன், அவர்களும் என் உறவினர்கள்தான், மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும்போல் நாங்கள் சேர்ந்து இயங்கப் பிறந்தவர்கள் என்று தமக்குச் சொல்லிக்கொள்கிறார். படுக்கையை விட்டு எழ மனமில்லாத விடியலில், போர்வைக்குள் சூடாகக் கிடப்பதற்காகவா பிறந்தாய் என்று தம்மையே அதட்டுகிறார். விருந்தில் வைக்கும் உயர்ந்த மது வெறும் திராட்சைச் சாறு, தாம் அணியும் ஊதா அங்கி சிப்பிப் பூச்சியின் இரத்தத்தில் தோய்த்த ஆட்டுமயிர் என்று பொருள்களின் மினுக்கை உரித்துப் பார்க்கிறார். 'சீசராகிப் போய்விடாதே, அந்தச் சாயத்தில் தோய்ந்துவிடாதே' என்று, பேரரசர்களின் பட்டப்பெயரையே சொல்லி, ஓரிடத்தில் எச்சரித்துக்கொள்கிறார். கோபத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருப்பதைப் பார்த்தால், இவர் பிறவிச் சாந்தர் அல்லர், சுள்ளென்று கோபம் வந்திருக்கக்கூடியவர் என்றே எனக்குப் படுகிறது. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மென்மையும் எட்டிப் பார்க்கிறது: ரொட்டி வேகும்போது மேலே விழும் வெடிப்பு, சுடுபவன் எண்ணிச் செய்யாததாயினும், பார்க்க அழகாக இருந்து பசியைத் தூண்டுகிறது என்று கவனித்து எழுதுகிறவர் வறண்ட மனிதராக இருக்க முடியாது.

போரைப் பற்றி அந்தக் குறிப்பேட்டில் நேரடியாக அதிகம் இல்லை. வெட்டுண்டு கிடக்கும் கையையோ காலையோ தலையையோ நீ பார்த்திருக்கிறாய் என்று ஓர் உவமையின் நடுவே போகிறபோக்கில் வரும் வரிதான் களத்தை நினைவூட்டுகிறது. ஆனால் பத்தாம் பகுதியில் உள்ள ஒரு குறிப்பு என்னை எப்போதும் நிறுத்திவிடும். சிலந்தி ஈயைப் பிடித்துப் பெருமைப்படுகிறது; ஒருவன் முயலைப் பிடித்து, ஒருவன் வலையில் சிறு மீனைப் பிடித்து, ஒருவன் கரடியைப் பிடித்து, இன்னொருவன் சர்மாத்தியர்களைப் பிடித்துப் பெருமைப்படுகிறான்; எண்ணத்தின் வேரைப் பார்த்தால் இவர்கள் எல்லோரும் கொள்ளையர்கள்தானே என்று கேட்கிறார். சர்மாத்தியர்கள் அவருடைய சொந்த எதிரிகள். 175-இல் அவர்களில் ஒரு பிரிவினரான இயாசிகர்களைப் பணியவைத்து, 8,000 குதிரை வீரர்களைப் பெற்று அவர்களில் 5,500 பேரைப் பிரிட்டனுக்கு அனுப்பியவரும், 'சர்மாத்திகஸ்' என்ற வெற்றிப் பட்டத்தை ஏற்றுக்கொண்டவரும் அவரே. அந்த மக்களை அடியோடு ஒழித்துவிட விரும்பினார் என்றுகூட வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். ரோமில் அவர் பெயரால் நிற்கும் வெற்றித் தூணில் எரியும் குடிசைகளும், தலை கொய்யப்படும் கைதிகளும், இழுத்துச் செல்லப்படும் பெண்களும் குழந்தைகளும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சிலந்தி வரியை எழுதிய கைதான் அந்தப் போருக்கு ஆணையிட்டது. இதைப் போலித்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. போலிகள் தம்மைக் கொள்ளையர் என்று தனிமையில் எழுதிக்கொள்வதில்லை. பெருமையை அவரால் உதற முடிந்தது, வேலையை உதற முடியவில்லை.

அந்த வேலையின் இன்னொரு பாதி நீதி. போர்முகாமிலும் வழக்கு விசாரித்தவர், ரோமில் ஆண்டுக்கு 230 நாள்கள் நீதிமன்றம் நடக்க வழி செய்தவர். ஏலியஸ் பிரிஸ்கஸ் என்பவன் சித்தம் கலங்கித் தன் தாயைக் கொன்றுவிட்டான். என்ன செய்வது என்று மாகாண ஆளுநர் எழுதிக் கேட்டார். மார்கஸும், அப்போது துணைப் பேரரசராக இருந்த கொம்மோடஸும் அனுப்பிய பதில் ரோமச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அவன் நடிக்கவில்லை, அறிவு முற்றிலும் போனவன்தான் என்று உறுதியானால் தண்டனையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அந்தப் பைத்தியமே அவனுக்குப் போதிய தண்டனை. ஆனாலும் அவனுடைய பாதுகாப்புக்காகவும் அயலாரின் பாதுகாப்புக்காகவும் கவனமாகக் காவலில் வையுங்கள். இடையிடையே தெளிவு வரும் ஆளாக இருந்தால் அந்த வேளையில் செய்தானா என்று விசாரியுங்கள். அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அலட்சியமாக இருந்தார்களா என்றும் கேளுங்கள். தாயைக் கொன்றவனைச் சாக்கில் இட்டுத் தைத்து நீரில் எறிவது வழக்கமாக இருந்த ஊரில் எழுதப்பட்ட கடிதம் இது.

அதே மனிதரின் பரிவு எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாக்களிக்கப்பட்ட விடுதலை அடிமைகளுக்குக் கிடைக்கும்படி சட்டத்தை இளக்கியவர், தப்பியோடிய அடிமைகளைத் தேடி யாருடைய பண்ணைக்குள்ளும், பேரரசரின் பண்ணைக்குள்ளும்கூட, நுழையலாம் என்றும் வழி செய்தார். கிளாடியேட்டர்கள் என்ற, அரங்கில் சண்டையிடும் வீரர்களின் விற்பனைமேல் இருந்த வரியை, ஆண்டுக்கு 2 முதல் 3 கோடி செஸ்டர்ஸ் நாணய வருவாய் போனாலும் சரி, மனித இரத்தம் தோய்ந்த பணம் கருவூலத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார், சண்டைகளை நிறுத்தவில்லை. 177-இல் லியோன் நகரில் கிறித்தவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டபோது, மறுதலிப்பவர்களை விடுங்கள், மறுக்காதவர்களைத் தண்டியுங்கள் என்பதே அவருடைய பதில். அவருடைய ஆசான் ருஸ்டிகஸ்தான், ரோமின் நகர ஆணையராக இருந்தபோது, கிறித்தவ அறிஞர் ஜஸ்டினுக்கு மரண தண்டனை விதித்தவர். பிளேட்டோவின் இலட்சியக் குடியரசை எதிர்பார்க்காதே, மிகச் சிறிய ஒன்று முன்னேறினாலும் அதோடு நிறைவடை என்று ஒரு குறிப்பில் அவர் எழுதுகிறார். அவருடைய ஆட்சியின் பலமும் எல்லையும் இரண்டுமே அந்த ஒரு வரியில் இருக்கின்றன.

அவருடைய உடம்பைப் பற்றி நமக்கு அதிகம் சொன்னவர் காலென். பேரரசர் தினமும் தெரியாக் என்ற பலசரக்கு மருந்தை உட்கொள்வார். அதில் இருந்த அபினிச் சாறு பகலில் தூக்கம் வரவழைக்கிறது என்று நீக்கச் சொன்னார், பிறகு இரவில் தூக்கமே வராமல் போகவே மீண்டும் சேர்க்கச் சொன்னார். இதை வைத்து அவரை அபினிக்கு அடிமையானவர் என்று சிலர் எழுதியிருப்பது மிகை. ஒருநாள் இரவு வயிறு புரட்டிக் காய்ச்சல் கண்டதும், அரண்மனை மருத்துவர்கள் பெரிய நோயின் தொடக்கம் என்று அஞ்சினார்கள். காலென் நாடி பார்த்து, காய்ச்சல் இல்லை, உண்டது செரிக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். வேறு யாராக இருந்தாலும் மிளகு தூவிய மது கொடுத்திருப்பேன், அரசர்களுக்குப் பாதுகாப்பானதைத்தான் தர வேண்டும் என்பதால் வாசனைத் தைலத்தில் நனைத்த கம்பளியை வயிற்றில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மார்கஸ் கம்பளியை வைத்துக்கொண்டார். பிறகு சபைன் நாட்டு மதுவைக் கொண்டுவரச் சொல்லி, மிளகைத் தூவிக் குடித்தும்விட்டார். நம் மேற்குக் கரையிலிருந்து முசிறித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய மிளகு போய்ச் சேர்ந்த வயிறுகளில் அதுவும் ஒன்று. அரசனுக்கென்று தனி மருத்துவம் வேண்டாம் என்ற அந்தச் சின்னப் பிடிவாதத்தில், பன்னிரண்டு வயதில் தரையில் படுத்த பையன் தெரிகிறான்.

அவருடைய நிதானத்துக்குப் பெரிய சோதனை 175-இல் வந்தது. மார்கஸ் இறந்துவிட்டார் என்ற வதந்தியை நம்பி, கிழக்குப் படைகளின் தலைவர் அவிடியஸ் காசியஸ் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். சிரியாவும் எகிப்தும் அவர் பக்கம் சாய்ந்தன. செய்தி பொய் என்று தெரிந்த பிறகும் அவரால் பின்வாங்க முடியவில்லை. மூன்று மாதத்தில் அவருடைய ஆட்களே அவரைக் கொன்று தலையை அனுப்பிவைத்தார்கள். மார்கஸ் அதைப் பார்க்க மறுத்து, புதைக்கச் சொன்னார். சதியில் கூட்டாக இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய கடிதங்கள் படிக்கப்படாமலே எரிக்கப்பட்டன. செனட்டர் ஒருவரையும் அவர் கொல்லவில்லை. அதேசமயம், இனி எவரும் தாம் பிறந்த மாகாணத்தை ஆளக்கூடாது என்று விதி செய்தார், ஏனென்றால் காசியஸ் சிரியாக்காரர். மன்னித்தார், ஆனால் அசட்டையாக இருக்கவில்லை. அந்தக் கிழக்குப் பயணத்தில்தான் முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி ஃபவுஸ்டினா டாரஸ் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இறந்தார். திரும்பும் வழியில் ஏதென்ஸில் தங்கியவர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், எபிகியூரஸ், ஸ்டோயிக் என நான்கு மரபுகளுக்கும் அரசு ஊதியத்தில் ஆசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். தம் கட்சிக்கு மட்டும் கொடுக்காதது குறிப்பிடத்தக்கது.

ஃபவுஸ்டினா பெற்ற குழந்தைகள் பதின்மூன்றுக்குக் குறையாது. பாதிக்கு மேல் பெற்றோர் கண் முன்னாலேயே போய்விட்டன. 169-இல், டான்யூபுக்குப் புறப்படும் நேரத்தில், ஏழு வயது மகன் அன்னியஸ் வேருஸ் காதுக்குக் கீழே இருந்த கட்டிக்கு அறுவை செய்தபோது இறந்தான். அப்போது ஜூபிடர் திருவிழா நடந்துகொண்டிருந்தது. விழா நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, அறுவை செய்த மருத்துவர்களுக்கு அவரே ஆறுதல் கூறி, ஐந்து நாள் துக்கம் காத்து, வேலைக்குத் திரும்பினார். கல்நெஞ்சம் என்று தோன்றினால் அவருடைய குறிப்பேட்டைப் பாருங்கள். 'என் பிள்ளையை இழக்காமல் இருக்க வேண்டும்' என்று பிறர் வேண்டுவார்கள், நீ 'இழப்பேனோ என்று அஞ்சாமல் இருக்க வேண்டும்' என்று வேண்டிக்கொள் என்று அங்கே எழுதியிருக்கிறது. அச்சமே இல்லாதவர் அப்படி வேண்டிக்கொள்ள வேண்டிய தேவை இருந்திருக்காது.

பிழைத்த ஒரே மகன் கொம்மோடஸ். தகுதியானவரைத் தத்தெடுக்கும் நல்ல வழக்கத்தை மார்கஸ் பாசத்தால் முறித்துவிட்டார் என்று அடிக்கடி சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. நெர்வா, டிராஜன், ஹாட்ரியன், அந்தோனினஸ் ஆகிய நால்வரும் தத்தெடுத்ததற்குக் காரணம், அவர்களுக்கு உயிரோடு ஆண் பிள்ளை இல்லாததுதான். அது கொள்கையல்ல, நிர்ப்பந்தம். மகன் இருக்கும்போது வேறொருவருக்குப் பட்டம் கட்டினால், அந்த மகனைக் கொல்ல வேண்டும், அல்லது அவன் பெயரில் எழும் உள்நாட்டுப் போரைச் சந்திக்க வேண்டும். காசியஸின் கலகம் அந்த ஆபத்தைக் கண் முன்னால் காட்டிவிட்டுப் போயிருந்தது. 177-இல் பதினைந்து வயது கொம்மோடஸ் துணைப் பேரரசராக்கப்பட்டான். நல்ல ஆசிரியர்களைக் கொடுத்தால் பிள்ளை தேறிவிடுவான் என்று நம்பியதுதான் தவறு. அது தத்துவம் படித்தவர்களுக்கே உரிய தவறு: தமக்குப் பலித்த பாடம் எவருக்கும் பலிக்கும் என்று எண்ணிக்கொள்வது.

178-இல் மீண்டும் டான்யூபுக்குச் சென்றவர் திரும்பவில்லை. 180 மார்ச்சில் நோய் முற்றியபோது, சுற்றி நின்று அழுத நண்பர்களிடம், எனக்காக ஏன் அழுகிறீர்கள், கொள்ளைநோயையும் எல்லோருக்கும் பொதுவான சாவையும் நினைத்து அழுங்கள் என்றார். மகனை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு, 'அவன் தகுதியுள்ளவனாக இருந்தால் உங்களிடமும் தெய்வங்களிடமும்' என்று பதில் வந்தது. அன்றைய இரவின் அடையாளச் சொல்லைக் கேட்க வந்த படை அதிகாரியிடம், 'உதிக்கும் சூரியனிடம் போ, நான் மறைந்துகொண்டிருக்கிறேன்' என்றார் என்று டியோ எழுதுகிறார். ஏழாம் நாள் மகனை மட்டும் உள்ளே விட்டு, நோய் தொற்றிவிடுமோ என்று உடனே வெளியே அனுப்பிவிட்டு, தூங்கப் போகிறவரைப்போல் தலையை மூடிக்கொண்டார். மார்ச் 17 அன்று, 58 வயதில், உயிர் பிரிந்தது. சில மாதங்களில் கொம்மோடஸ் குவாடிகளோடும் மார்கோமன்னிகளோடும் சமாதானம் பேசி முடித்துவிட்டு ரோமுக்குத் திரும்பினான்.